கிரெடிட் யூனியன் ஊழியர்களுக்கும் மேலாளர்களுக்கும் பயிற்சி: தேடுவதிலிருந்து திரும்பி வருவது வரை

கிரெடிட் யூனியனில், அதாவது உறுப்பினர்களே உரிமையாளர்களாக இருந்து சேமித்துக் கடன் பெறும் கூட்டுறவுச் சங்கத்தில், வேலை பார்ப்பவர்களுக்கென்றே பயிற்சிகள் ஏராளமாக இருக்கின்றன. ஆனால் எது யாருக்கு, பணம் யார் கட்டுவது, எந்தக் காகிதத்தை எப்போது தயார் செய்வது என்பதையெல்லாம் புதிதாகச் சேர்ந்தவருக்கு உட்கார வைத்துச் சொல்ல ஆளில்லை. நான் கவுன்ட்டரில் தொடங்கிக் கடன் பிரிவு வழியாக மேலே வந்தவன். ஒவ்வொன்றையும் பத்துப் பேரிடம் கேட்டு, நான்கு முறை கடிதம் போட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தகுதி போதாமல் பயிற்சியைத் தவறவிடுபவர்களைவிட, இயக்குநர் குழுவின் ஒப்புதல் நேரத்துக்குக் கிடைக்காமல் தவறவிடுபவர்கள்தான் அதிகம். கீழே உள்ள படிகளில் பாதி அதைச் சுற்றித்தான் இருக்கும்.

1. பயிற்சிப் பட்டியலைத் திறக்கும் முன் உங்கள் சங்கத்தின் கணக்கைத் திறங்கள்

பலரும் நேராக இணையத்தில் போய்ப் பயிற்சிப் பட்டியலைப் பார்க்கிறார்கள். எல்லாமே நல்லதாகத் தெரியும், எதையும் தேர்ந்தெடுக்க முடியாது. அதைவிட, உங்கள் சங்கத்துக்கு எங்கே வலிக்கிறது என்று பார்த்துவிட்டு அங்கிருந்து தொடங்குங்கள்.

இதற்கு உலக கிரெடிட் யூனியன் கவுன்சில் உருவாக்கிய பேர்ல்ஸ் என்ற அளவீட்டு முறை ரொம்பவே உதவும். பாதுகாப்பு, நிதிக் கட்டமைப்பு, சொத்தின் தரம், வருவாயும் செலவும், கையிருப்புப் பணம், வளர்ச்சி என்று ஆறு பகுதிகள். மொத்தமும் இப்போது வேண்டாம், கடைசி மாத இருப்புநிலைக் குறிப்பை வைத்து நான்கு விகிதங்கள் போடுங்கள்:

- தவணை தவறிய கடன், மொத்தக் கடனில் 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும்.
- சங்கத்தின் சொந்த நிறுவன மூலதனம் (லாபத்திலிருந்து சேர்த்து வைத்த, யாருக்கும் திருப்பித் தர வேண்டாத பணம்), மொத்தச் சொத்தில் குறைந்தது 10 சதவீதம்.
- கடனாகக் கொடுத்திருப்பது, மொத்தச் சொத்தில் 70 முதல் 80 சதவீதம்.
- உறுப்பினர்களின் சேமிப்பு வைப்பு, அதுவும் மொத்தச் சொத்தில் 70 முதல் 80 சதவீதம்.

முதல் விகிதத்தில் புதியவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ஒரு உறுப்பினருக்கு 1,00,000 கடன் நிலுவை, அதில் 8,000 மட்டும் தவணை தவறியிருக்கிறது என்று வையுங்கள். கணக்கில் எடுக்க வேண்டியது 8,000 அல்ல, நிலுவை முழுவதும், அதாவது 1,00,000. மொத்தக் கடன் 80 லட்சமாக இருந்து, இப்படித் தவறிய கணக்குகளின் முழு நிலுவை 6 லட்சம் என்றால் விகிதம் 7.5 சதவீதம். வெறும் தவறிய தவணைகளை மட்டும் கூட்டினால் 1 சதவீதத்துக்கும் கீழே வந்து நிற்கும், எல்லாம் நன்றாக இருப்பதுபோலத் தோன்றும். கூடவே ஒதுக்கீட்டையும், அதாவது திரும்பி வராமல் போகக்கூடிய கடனுக்காக எடுத்து வைக்கும் தொகையையும் பாருங்கள். 12 மாதங்களுக்கு மேல் தவறிய கடனுக்கு 100 சதவீதமும், அதற்குக் குறைவான காலம் தவறியதற்கு 35 சதவீதமும் ஒதுக்கியிருக்க வேண்டும் என்பது பேர்ல்ஸ் கணக்கு. உங்கள் நாட்டுச் சட்டம் வேறு அளவு சொன்னால் சட்டம்தான் முதலில்.

இந்த ஒரு பக்கக் கணக்கு கையில் இருந்தால் தேவை தானாகவே தெரியும். தவணை தவறியது கூடுதலா? கடன் மதிப்பீடும் வசூலும் சார்ந்த பயிற்சி. மூலதனம் குறைவா? நிதி மேலாண்மை, வட்டி விகிதம் நிர்ணயிப்பது. கடன் கொடுத்தது சொத்தில் பாதிகூட இல்லையா? உறுப்பினர் சேவை, புதிய கடன் திட்டங்கள். இயக்குநர் குழுவிடம் பணம் கேட்கும்போதும் இதே தாள்தான் உங்களுக்காகப் பேசப்போகிறது.

2. சட்டப்படி கட்டாயமானதை முதலில் முடியுங்கள்

கறுப்புப் பணத் தடுப்பு, உறுப்பினர் அடையாளச் சரிபார்ப்பு, தகவல் பாதுகாப்பு ஆகியவை பல நாடுகளில் கட்டாயம். விரும்பிப் படிக்கும் பயிற்சியை இவற்றுக்கு முன்னால் வைத்தால் மேலாளர் கையெழுத்துப் போடத் தயங்குவார், அதில் நியாயமும் இருக்கிறது. இயக்குநர்களுக்கும் கெடு உண்டு. அமெரிக்காவில் கூட்டாட்சி உரிமம் பெற்ற கிரெடிட் யூனியன் என்றால், தேர்ந்தெடுக்கப்பட்ட இயக்குநர் பொறுப்பேற்ற 6 மாதத்துக்குள் நிதிநிலை அறிக்கையைப் படித்துப் புரிந்துகொண்டு கேள்வி கேட்கும் அளவுக்காவது தேறியிருக்க வேண்டும் என்பது விதி. உங்கள் நாட்டில் இதற்கு இணையான விதி என்ன என்று இணக்க அலுவலரிடம் (சட்ட விதிகளைச் சங்கம் பின்பற்றுகிறதா என்று கவனிப்பவர்) கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

3. எங்கே தேடுவது: பக்கத்திலிருந்து தூரத்துக்கு

முதல் கதவு உங்கள் நாட்டின் அல்லது மாநிலத்தின் கிரெடிட் யூனியன் கூட்டமைப்பு. உங்கள் சங்கம் ஆண்டுச் சந்தா கட்டுகிறது என்றால், அந்தச் சந்தாவுக்குள்ளேயே சில பயிற்சிகள் அடங்கியிருக்கலாம். கேட்டால்தான் சொல்வார்கள். கூட்டமைப்புக்கு எழுதும்போது, "என்ன பயிற்சி இருக்கிறது?" என்று கேட்காதீர்கள். "எங்கள் சந்தாவில் அடங்கியவை எவை, உறுப்பினர் சலுகை விலையில் கிடைப்பவை எவை, இந்த ஆண்டு அட்டவணை என்ன?" என்று மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள். பதில் தெளிவாக வரும்.

இரண்டாவது, ஒழுங்குமுறை ஆணையம். இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அமெரிக்காவில் தேசிய கிரெடிட் யூனியன் நிர்வாகம் ஊழியர்களுக்கும் தன்னார்வலர்களுக்கும் இணையவழிப் பாடங்களை இலவசமாகவே தருகிறது. குறைந்த வருமானத்தினருக்குச் சேவை செய்வதாக அங்கீகாரம் பெற்ற சங்கங்களுக்கு நிதி உதவியும் உண்டு, அதில் பயிற்சியும் ஒரு இனமாக வருவது வழக்கம். ஆய்வுக்கு வருபவர்களின் அமைப்பே எழுதிய பாடம் என்பதால், ஆய்வில் எதைப் பார்ப்பார்கள் என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

மூன்றாவது, வட்டார அமைப்புகள். ஆசியாவில் இருப்பவர்களுக்கு பாங்காக்கைத் தலைமையிடமாகக் கொண்ட ஆசியக் கடன் சங்கக் கூட்டமைப்பு இருக்கிறது. இயக்குநர்களுக்குத் தனியாக, தலைமைச் செயல் அலுவலர்களுக்குத் தனியாகத் திறன் பயிற்சிகள் வைத்திருக்கிறார்கள். வழக்கமாக ஆண்டுக்கு ஒருமுறை மாநாடும், அதை ஒட்டிப் பயிலரங்குகளும் நடக்கும். ஆப்பிரிக்காவில் நைரோபியில் உள்ள அக்கோஸ்கா கூட்டமைப்பு இதே வேலையைச் செய்கிறது. இந்த அமைப்புகளுக்குத் தனிநபராக விண்ணப்பிப்பது பெரும்பாலும் பலிக்காது. உங்கள் தேசியக் கூட்டமைப்பு உறுப்பினராக இருந்து, அது உங்களைப் பரிந்துரைக்க வேண்டும். முதல் கதவை முதலில் தட்டச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

நான்காவது, உலக அளவில். அமெரிக்காவின் மேடிசன் நகரில் உள்ள உலக கிரெடிட் யூனியன் கவுன்சில் ஆண்டுதோறும் மாநாடு நடத்துகிறது, இளம் ஊழியர்களை ஊக்குவிக்கத் தனித் திட்டமும் உண்டு. இத்தாலியின் துரின் நகரில் உள்ள சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் பயிற்சி மையம் நுண்நிதி, கூட்டுறவு சார்ந்த பாடங்களை நேரடியாகவும் இணையத்திலும் நடத்துகிறது. ஊர் விட்டுப் போக முடியாதவர்களுக்கு அந்த அமைப்பின் திங்க்.கூப், ஸ்டார்ட்.கூப் என்ற கையேடுகள் நல்ல தொடக்கம். ஆசிரியரே தேவையில்லை, நான்கைந்து ஊழியர்கள் வட்டமாக உட்கார்ந்து தாங்களே நடத்திக்கொள்ளும்படி எழுதியிருக்கிறார்கள்.

4. உங்களுக்கு எந்த அளவு பயிற்சி பொருந்தும்

சேர்ந்து ஓராண்டு ஆகவில்லை என்றால் ஒருநாள், இரண்டுநாள் பயிற்சிகளும் இணையப் பாடங்களும் போதும். வேலை என்னவென்று புரியாமல் பெரிய பயிற்சிக்குப் போனால், வகுப்பில் கேட்க உங்களிடம் கேள்வியே இருக்காது.

இரண்டு மூன்று ஆண்டு ஆனவர்களுக்குச் சான்றிதழ்ப் பயிற்சிகள். கடன், வசூல், இணக்கம், உள்தணிக்கை என்று ஒரு துறையில் ஆழமாகப் போவது இந்தக் கட்டத்தில்தான் பலன் தரும். தேர்வு எழுத வேண்டியிருக்கும், சில சான்றிதழ்களை ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். புதுப்பிக்கும் கட்டணத்தைச் சேரும்போதே விசாரித்துவிடுங்கள்.

மேலாளர் பதவியை நோக்கி நகர்பவர்களுக்கு மேலாண்மைப் பள்ளிகள். அமெரிக்காவில் இவை பெரும்பாலும் மூன்று ஆண்டுத் திட்டமாக நடக்கின்றன. ஆண்டுக்கு ஒருமுறை கோடையில் ஓரிரு வாரம் ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் தங்கிப் படிக்க வேண்டும், நடுவில் உங்கள் சங்கத்தையே ஆராய்ந்து வேலைகள் எழுதித் தர வேண்டும். பட்டமே வேண்டும் என்பவர்களுக்கு, கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரில் உள்ள செயின்ட் மேரிஸ் பல்கலைக்கழகம் கூட்டுறவு மற்றும் கிரெடிட் யூனியன் மேலாண்மையில் முதுகலைப் படிப்பை, வேலையில் இருப்பவர்கள் பகுதிநேரமாக இணையவழியில் படிக்கும்படி நடத்துகிறது.

இவை எல்லாவற்றிலும் நான் தயங்காமல் பரிந்துரைப்பது டெவலப்மென்ட் எஜுகேட்டர் என்ற திட்டத்தை. சுருக்கமாக டி.இ. என்பார்கள். அமெரிக்காவில் 1982-ல் தொடங்கி இப்போது ஆசியா, ஆப்பிரிக்கா உட்படப் பல இடங்களில் நடக்கிறது. ஒரு வாரம் போல காலையிலிருந்து இரவு வரை குழுவாக உட்கார்ந்து, உறுப்பினரின் வாழ்க்கையில் சங்கம் எங்கே உதவ முடியும் என்று அலசுவார்கள். கணக்குப் பாடம் அதில் குறைவுதான். ஆனால் இதை முடித்து வந்தவர் கவுன்ட்டரில் ஒரு உறுப்பினரிடம் பேசும் விதமே மாறிவிடுகிறது. வங்கிப் பயிற்சி எதிலும் இது கிடைக்காது.

5. முழுச் செலவையும் கூட்டுங்கள்

அறிவிப்பில் போட்டிருப்பது பயிற்சிக் கட்டணம் மட்டும். அதோடு நிறுத்திக் குழுவிடம் கேட்டுவிட்டு, பிறகு பயணத்துக்கு மறுபடி போய் நின்றால் முகம் சுளிப்பார்கள். ஒரே தாளில் எல்லாவற்றையும் எழுதுங்கள்: பயிற்சிக் கட்டணம், அதற்கான வரி, தேர்வுக் கட்டணம், புத்தகம், போக்குவரத்து, தங்குமிடம், சாப்பாடு, வெளிநாடு என்றால் விசா, பயணக் காப்பீடு, பணம் அனுப்பும் வங்கிக் கட்டணம், நாணய மாற்று வித்தியாசம்.

இன்னொரு செலவு யார் கண்ணிலும் படாது: நீங்கள் இல்லாத நாட்களில் உங்கள் வேலையை யார் பார்ப்பது? ஐந்தாறு பேர் மட்டும் இருக்கும் சங்கத்தில் ஒருவர் ஒரு வாரம் போவது பெரிய விஷயம். காசாளர் என்றால் பெட்டகச் சாவி யாரிடம், இரட்டைக் கட்டுப்பாடு (இருவர் சேர்ந்தே திறக்கும் முறை) எப்படி என்பதுவரை கேள்வி வரும். அதற்கான பதிலை நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டால் மேலாளரின் பாதிக் கவலை தீர்ந்துவிடும்.

குறைக்கும் வழிகளும் இருக்கின்றன. முன்பதிவுச் சலுகையைத் தவறவிடாதீர்கள். ஒரே சங்கத்திலிருந்து இரண்டு மூன்று பேர் சேர்ந்தால் தள்ளுபடி உண்டா என்று கேளுங்கள். பக்கத்துச் சிறு சங்கங்களோடு சேர்ந்து ஒரு பயிற்றுநரை உங்கள் இடத்துக்கே வரவழைப்பது, ஆளுக்கு ஆள் அனுப்புவதைவிடப் பல நேரம் மலிவு. உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும்போது அது எதையெதை உள்ளடக்குகிறது என்று வரி வரியாகப் படியுங்கள். "முழு உதவித்தொகை" என்று இருக்கும், விமானக் கட்டணம் உங்களுடையது என்று கீழே சின்ன எழுத்தில் இருக்கும்.

6. இயக்குநர் குழுவுக்கு ஒரு பக்கக் கோரிக்கை

இந்தப் படியில்தான் பெரும்பாலான விண்ணப்பங்கள் நின்றுபோகின்றன. இயக்குநர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள், பகலில் அவர்களுக்கு வேறு வேலை இருக்கும். பத்துப் பக்க அறிவிப்பை இணைத்து அனுப்பினால் யாரும் படிக்க மாட்டார்கள். ஒரு பக்கம், அதற்கு மேல் வேண்டாம். இப்படி எழுதலாம்:

"நம் சங்கத்தில் தவணை தவறிய கடன் இப்போது 7.5 சதவீதம், இருக்க வேண்டியது 5 சதவீதத்துக்குள். கடன் வசூல் குறித்த இந்த நான்கு நாள் பயிற்சியில் கலந்துகொள்ள அனுமதி கோருகிறேன். மொத்தச் செலவு விவரம் கீழே. என் பணியை அந்த நாட்களில் இன்னார் கவனிப்பார், அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். திரும்பி வந்த 30 நாளுக்குள் வசூல் நடைமுறைக்கு ஒரு வரைவு தருகிறேன், மற்ற ஊழியர்களுக்கு ஒரு அரை நாள் வகுப்பும் எடுக்கிறேன்."

எண்ணில் தொடங்கி, நீங்கள் திருப்பித் தரப்போவதில் முடிகிறது, பாருங்கள். யாராவது ஒரு இயக்குநர் "இதெல்லாம் தேவையா?" என்று கேட்டால், கல்வியும் பயிற்சியும் சர்வதேசக் கூட்டுறவுக் கூட்டணி 1995-ல் ஏற்ற ஏழு கூட்டுறவுக் கொள்கைகளில் ஐந்தாவது என்பதைப் பணிவாக நினைவூட்டலாம். உறுப்பினர், இயக்குநர், மேலாளர், ஊழியர் எல்லோருக்கும் பயிற்சி தர வேண்டும் என்றே அதில் இருக்கிறது.

கோரிக்கையை மேலாளர் வழியாகவே அனுப்புங்கள், நேரடியாக ஒரு இயக்குநரைப் பிடித்துப் பேசாதீர்கள். ஒப்புதல் கிடைத்தால் கூட்டக் குறிப்பில் தீர்மானமாகப் பதிவாகியிருக்கிறதா என்று உறுதி செய்து, அந்தத் தீர்மானத்தின் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். "வாய்மொழியாகச் சரி சொல்லிவிட்டார்கள்" என்பது கணக்குப் பிரிவில் செல்லாது.

7. ஆவணங்கள்

ஒரு கோப்பு போட்டு இவற்றை எப்போதும் தயாராக வைத்திருங்கள்:

- பணிச் சான்று: பதவி, சேர்ந்த தேதி, தற்போதைய பொறுப்பு தெளிவாக இருக்க வேண்டும்
- கல்விச் சான்றிதழ்களின் நகல், வேறு மொழியில் இருந்தால் சான்றளித்த மொழிபெயர்ப்பு
- தன்விவரக் குறிப்பு, இரண்டு பக்கத்துக்குள்
- சங்கத்தின் பரிந்துரைக் கடிதம்: செலவை ஏற்பது யார் என்ற வாக்கியம் அவசியம்
- இயக்குநர் குழுத் தீர்மானத்தின் நகல்
- தேசியக் கூட்டமைப்பின் பரிந்துரை, வட்டாரப் பயிற்சிகளுக்கு
- சங்கத்தின் கடைசி ஆண்டறிக்கை, தணிக்கை அறிக்கை
- கடவுச்சீட்டு, அழைப்புக் கடிதம், பணம் கட்டிய ரசீது, வெளிநாடு என்றால்

பெயர் எழுத்து எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கட்டும். முன்னெழுத்தை விரித்து எழுதுவதும் சுருக்கி எழுதுவதும் நம்மவர்களுக்கு ஓயாத தலைவலி. கடவுச்சீட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே விண்ணப்பத்திலும் எழுதுங்கள். சான்றிதழிலும் அதே பெயர்தான் வரும், பிறகு திருத்துவது பெரும்பாடு. கடவுச்சீட்டின் காலாவதித் தேதியையும் பாருங்கள். பல நாடுகள் குறைந்தது ஆறு மாதம் மீதம் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கின்றன.

ஆண்டறிக்கையை இணைக்கும் முன் உறுப்பினர்களின் தனிப்பட்ட விவரம் ஏதும் அதில் இருக்கிறதா என்று ஒருமுறை புரட்டுங்கள். பயிற்சிக்கு உதாரணமாக எடுத்துப் போகும் கடன் கோப்புகளுக்கும் இது பொருந்தும். பெயரையும் கணக்கு எண்ணையும் நீக்காமல் எதையும் வெளியே கொண்டுபோகாதீர்கள்.

8. காலக்கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள்

பயிற்சி தொடங்கும் நாளைக் காலண்டரில் குறித்துவிட்டுப் பின்னோக்கி வாருங்கள். வெளிநாடு என்றால் விசாவுக்குக் குறைந்தது இரண்டு மாதம் விடுங்கள். அதற்கு அழைப்புக் கடிதம் வேண்டும், அழைப்புக் கடிதத்துக்குப் பதிவும் பணமும் வேண்டும், பணத்துக்குத் தீர்மானம் வேண்டும். குழு மாதம் ஒருமுறைதான் கூடும், கூட்டப் பொருளில் சேர்க்க ஒரு வாரம் முன்பே கொடுக்க வேண்டும். ஒரு கூட்டத்தில் ஒத்திவைத்தால் ஒரு மாதம் போச்சு. ஆக, வெளிநாட்டுப் பயிற்சிக்கு ஆறு மாதம் முன்பும், உள்நாட்டில் தங்கிப் படிக்கும் பயிற்சிக்கு மூன்று மாதம் முன்பும் கோரிக்கை போனால் நிம்மதி.

இதைவிட நல்லது, அடுத்த ஆண்டு வரவு செலவுத் திட்டம் தயாராகும் நேரத்திலேயே உங்கள் பயிற்சியை அதில் ஒரு வரியாகச் சேர்க்கச் சொல்வது. திட்டத்தில் இருக்கும் செலவுக்குக் கேள்வி குறைவு. ஆண்டின் கடைசி மாதங்களில் கணக்கு முடிப்பு, தணிக்கை, பொதுக்குழு என்று வேலை குவியும், அப்போது விடுப்பு கேட்காதீர்கள்.

9. கையெழுத்துப் போடும் முன் கவனிக்க வேண்டியவை

சில சங்கங்கள் பயிற்சிச் செலவுக்கு ஈடாக, இத்தனை காலம் வேலையை விட்டுப் போகக் கூடாது என்று ஒப்பந்தம் கேட்கும். கேட்பது தவறில்லை. ஆனால் காலம் எவ்வளவு, இடையில் போனால் முழுத் தொகையா அல்லது மீதமுள்ள மாதங்களுக்கு மட்டுமா, சங்கமே உங்களை நீக்கினால் என்ன ஆகும் என்ற மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். மாதவாரியாகக் குறையும்படி கேளுங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

"சர்வதேச அங்கீகாரம்" என்று பெரிதாகப் போட்டுக்கொள்ளும் இரண்டுநாள் விடுதிப் பயிற்சிகளிடம் எச்சரிக்கையாக இருங்கள். எனக்கே ஒருமுறை அப்படி ஒரு நிறுவனம் பணம் வாங்கிய பிறகு தேதியை மாற்றியது, திருப்பிக் கேட்டபோது பதிலே இல்லை. அங்கீகாரம் தந்தது யார் என்று கேளுங்கள். அந்த அமைப்பின் தளத்தில் போய் இந்தப் பயிற்சியின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பணம் திரும்பப் பெறும் விதி, கடைசி நேரத்தில் உங்களுக்குப் பதில் வேறொரு ஊழியர் போகலாமா என்ற விதி, இரண்டையும் மின்னஞ்சலில் வாங்கி வைத்த பிறகே பணம் கட்டுங்கள்.

வங்கிகளுக்கான பயிற்சியும் பயன்படும். ஆனால் அங்கே வாடிக்கையாளர் என்று பேசுவார்கள், நம்மிடம் இருப்பது உறுப்பினர், அவரே உரிமையாளர். வட்டி, ஈவுத்தொகை, மூலதனம் பற்றிய பாடங்களை அப்படியே கொண்டுவந்து பொருத்த முடியாது.

10. திரும்பி வந்த வாரத்தில்

ரசீதுகளை முதல் மூன்று நாட்களுக்குள் கணக்குப் பிரிவில் கொடுத்து முன்பணத்தைத் தீர்த்துவிடுங்கள். முன்பணம் நிலுவையில் இருப்பவருக்கு அடுத்த பயிற்சி கிடைப்பது கடினம். சான்றிதழின் நகலைப் பணியாளர் கோப்பில் சேர்க்கச் சொல்லுங்கள். பயிற்சி மணிநேரத்தையும் தேதியோடு எழுதி வையுங்கள், ஆய்வுக்கு வருபவர்கள் கேட்பது அதைத்தான்.

ஒப்புக்கொண்ட அரை நாள் வகுப்பை அந்த மாதத்திலேயே எடுங்கள், தள்ளிப்போட்டால் நடக்காது. அப்புறம் முதல் படியில் போட்ட அதே நான்கு விகிதங்களை ஆறு மாதம் கழித்து மறுபடி போட்டு, ஏறியிருந்தாலும் இறங்கியிருந்தாலும் உள்ளபடியே ஒரு பக்கத்தில் குழுவுக்குக் கொடுங்கள். உங்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்கும் ஊழியரின் கோரிக்கை அடுத்த கூட்டத்தில் வரும்போது, இயக்குநர்கள் முன்னால் அந்தப் பக்கமும் இருக்கும்.